10 × 9 அறையில் மூன்று பேர்: எந்தக் கட்டில் இடத்தை மிச்சப்படுத்தும்?

அரைச்சுவர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் படுக்கையறை 10 அடி நீளம், 9 அடி அகலம், ஒன்பதரை அடி உயரம். நான், மனைவி, ஏழு வயது மகள், மூன்று பேரும் இதில்தான் தூங்குகிறோம். வேறு படுக்கையறை கிடையாது. 60 அங்குல குயின் கட்டில் ஒன்று, தலைப்பக்கம் ஜன்னல் சுவரைத் தொட்டபடி நடுவில் கிடக்கிறது. அடியில் சூட்கேஸ், பெட்டி, எப்போதோ கட்டி வைத்த மூட்டைகள். மகள் எங்கள் நடுவில் படுக்கிறாள். விடிவதற்குள் அவள் கால் யார் முகத்திலாவது இருக்கும்.

இதுபோக ஒரு பீரோ (36 அங்குல அகலம், 20 அங்குல ஆழம்), ஏறக்குறைய அதே அளவில் என் வேலைக்கான மேசை. இரண்டும் கதவு இருக்கும் சுவரோரமாக நிற்கின்றன. கட்டிலுக்கும் அவற்றுக்கும் நடுவில் பக்கவாட்டாகத்தான் போக முடிகிறது.

கதவு ஒரு 9 அடிச் சுவரின் இடது கோடியில். உள்ளே திறக்கும், கீல் மூலைப் பக்கம், கதவின் அகலம் 32 அங்குலம். எதிர்ச் சுவரில் ஜன்னல். மின்விசிறி கூரையின் நடுவில்.

ஹைட்ராலிக் கட்டில் (மேல்பலகையை மெத்தையோடு தூக்கினால் அடியில் பெட்டி), அடுக்குக் கட்டில், சோபா கம் பெட், சுவரில் மடியும் கட்டில் என்று பார்த்துப் பார்த்துத் தலை சுற்றுகிறது. வாடகை வீடு என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

வாடகைவாசி

யோசிக்கவே வேண்டாம், ஹைட்ராலிக். கட்டிலுக்கு அடியில் இருக்கும் மொத்த இடமும் பெட்டியாகிவிடும். நாங்கள் போட்ட பிறகு ஒரு அலமாரியையே வீட்டை விட்டு அனுப்பிவிட்டோம்.

---

நூல்கண்டு

வாடகைவாசி சார், அவர் கேட்டது சாமான் வைக்க இடமா, மூன்றாவது ஆள் தூங்க இடமா? ஹைட்ராலிக் போட்டால் மூட்டைகள் சுகமாகத் தூங்கும். பெண் இன்னும் நடுவில்தான்.

---

மரத்தூள்

தச்சு வேலை என் தொழில். கட்டில் செய்து கொடுத்துவிட்டு, கொஞ்ச நாள் கழித்து அதே வீட்டுக்கு அலமாரிக் கதவை அறுத்துச் சின்னதாக்கப் போன கதைகள் நிறைய உண்டு. எல்லாக் கதையிலும் காரணம் ஒன்றுதான்: கட்டிலை மூடிய நிலையில் அளப்பார்கள். திறந்த நிலையில் யாரும் அளப்பதில்லை.

டிராயர் வைத்த கட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். டிராயர் 20 அங்குலம் வெளியே வரும். அதை இழுக்கும் ஆள் குனிந்து நிற்க இன்னொரு 15, 18 அங்குலம் வேண்டும். பக்கத்தில் மூன்றடி காலி இல்லையென்றால் அந்த டிராயர் வெறும் அலங்காரம். ஹைட்ராலிக் கட்டிலுக்குப் பக்கவாட்டில் இடம் வேண்டாம், ஆனால் பலகையைத் தூக்கிவிட்டு நீங்கள் நிற்பதற்குக் கால்மாட்டில் இடம் வேண்டும். சோபா கம் பெட்டுக்கு முன்னால் இருக்கும் டீப்பாயை ராத்திரி எங்கே வைப்பீர்கள்? சுவரில் மடியும் கட்டில் மூடியிருக்கும்போது 16 முதல் 18 அங்குல ஆழம்தான், ஒரு அலமாரி மாதிரி நிற்கும். இறக்கினால் சுவரிலிருந்து ஏழடி வரும். அந்த ஏழடிக்குள் நாற்காலிகூட நிற்கக் கூடாது.

இன்னொன்று. கடையில் குயின் என்று சொல்வது மெத்தையின் அளவு. கட்டிலின் வெளி அளவு அதைவிடப் பெரியது. சட்டத்துக்குப் பக்கத்துக்கு இரண்டு அங்குலம், தலைப்பலகைக்கு இரண்டு முதல் நான்கு. தலைமாட்டில் தட்டு, விளக்கு, பெட்டி என்று வைத்த மாடல் என்றால் பத்துப் பன்னிரண்டு அங்குலம் அதற்கே போய்விடும். சின்ன அறைக்குத் தலைப்பலகை ஒரு பலகைக்கு மேல் தடிமன் இருக்கவே கூடாது என்பது என் கட்சி.

அரைச்சுவர் சார், ஒரு வேலை செய்யுங்கள். பழைய செய்தித்தாளை ஒட்டி, வாங்க நினைக்கும் கட்டிலின் திறந்த அளவுக்கு வெட்டித் தரையில் விரியுங்கள். பீரோவைத் திறந்து பாருங்கள், கதவைத் திறந்து பாருங்கள். அப்புறம் பேசலாம்.

---

மூன்றாம்மாடி

அடுக்குக் கட்டிலை யாரும் சொல்லவில்லையே? கீழே குயின், மேலே சிங்கிள் என்று ஒரு வகை வருகிறது. தரையில் ஒரு அங்குலம்கூடக் கூடுதலாகப் போகாது. குழந்தைகளுக்கு மேலே ஏறிப் படுக்க ஆசையாகவும் இருக்கும்.

---

கணக்கன்

மூன்றாம்மாடி, ஆசை இருக்கும். ஆனால் இந்த அறைக்கு அது வேண்டாம். கணக்கைப் பாருங்கள்.

கூரை 114 அங்குலம். மின்விசிறியின் இறக்கை கூரையிலிருந்து ஓரடி கீழே சுழல்கிறது என்று வைத்தால், தரையிலிருந்து 102. மேல்தட்டு மெத்தையின் மேற்பரப்பு ஏறத்தாழ 60, 62 அங்குலத்தில் வரும். ஏழு வயதுப் பெண்ணின் உயரம் நான்கடி என்று கொள்வோம். மெத்தையில் எழுந்து நின்றால் தலை 110 அங்குலத்தில் இருக்கும். இறக்கைக்கு மேலே!

சரி, விசிறி நடுவில்தானே, கட்டில் ஓரத்தில்தானே என்பீர்கள். சாதாரண விசிறியின் வீச்சு 1200 மில்லிமீட்டர், அதாவது நடுவிலிருந்து இரண்டடி. 10 அடி அறையின் நடு என்பது ஜன்னல் சுவரிலிருந்து 60 அங்குலம், அதில் 24 போனால் 36. ஜன்னலோரமாகப் போட்ட சிங்கிள் கட்டிலே 36 அங்குலத்தைத் தாண்டிவிடும். கை நீட்டினால் கதை முடிந்தது.

அமெரிக்காவில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அடுக்குக் கட்டில் விதிகள் 2000இல் இருந்து நடைமுறையில் இருக்கின்றன. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையை மேல்தட்டில் படுக்க வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை கட்டிலிலேயே இருக்க வேண்டும். தடுப்புக் கம்பி மெத்தைக்கு மேலே குறைந்தது 5 அங்குலம் தெரிய வேண்டும். உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளாதபடி இடைவெளிகள் மூன்றரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். சுவர்ப் பக்கமும் தடுப்பு உண்டு, பலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். உங்கள் மகள் வயதில் தேறிவிடுவாள். அறைதான் தேறவில்லை.

---

மரத்தூள்

கணக்கன் சொன்னதோடு ஒன்று. மேல்தட்டுக்கு மெத்தை 5, 6 அங்குலத்துக்கு மேல் போடக் கூடாது. பழைய 8 அங்குல மெத்தை சும்மாதானே இருக்கிறது என்று தூக்கிப் போட்டால், தடுப்பு இருந்தும் இல்லாத கணக்கு.

---

மூன்றாம்மாடி

விசிறியை நான் யோசிக்கவில்லை. ஆனால் சுவரில் மாட்டும் விசிறிக்கு மாறினால்?

---

கணக்கன்

மாறலாம். அப்போதும் மேலே வெக்கை. சூடான காற்று கூரைக்குத்தான் போகும், மேல்தட்டில் படுப்பவர் அதை நேராக அனுபவிப்பார். மின் இணைப்பை மாற்ற வீட்டுக்காரரும் சம்மதிக்க வேண்டும்.

---

பழம்பொருள்

சுவர்க் கட்டிலைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு கிளைக்கதை. சான் பிரான்சிஸ்கோவில் வில்லியம் மர்ஃபி என்பவர் 1900 வாக்கில் ஒற்றை அறையில் வாழ்ந்தார். கட்டிலை நிமிர்த்திச் சுவருக்குள் ஒளித்து, அந்த அறையை வரவேற்பறையாக மாற்ற வழி தேடியதில் பிறந்ததுதான் இன்று மர்ஃபி பெட் என்று விற்பது. அதற்கும் முன்பே, 1885இல், சிகாகோவில் மரச்சாமான் கடை வைத்திருந்த சாரா குட் என்ற கறுப்பினப் பெண்மணி ஒரு மடிப்புக் கட்டிலுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். மடித்தால் அது எழுதும் மேசை, காகிதம் வைக்க அறைகளோடு. அரைச்சுவர் கேட்பதும் அதே பிரச்சினைதான்: கட்டிலும் மேசையும் ஒரே அறைக்குள்.

ஆனால் இந்த வகைக் கட்டிலின் உயிர் அதைச் சுவரில் பிடித்திருக்கும் திருகாணிகளில் இருக்கிறது. 2022இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் சுமார் 1,29,000 சுவர்க் கட்டில்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. சரியாகப் பொருத்தப்படாத கட்டில் சுவரிலிருந்து கழன்று மேலே விழுந்து ஒரு மூதாட்டி இறந்திருந்தார். செங்கல் சுவரோ கான்கிரீட்டோ இருந்தால் நன்றாகப் பிடிக்கும். உள்ளே வெறுமையான பலகைத் தடுப்புச் சுவர் என்றால், பின்னால் இருக்கும் மரச்சட்டத்தில் திருகாணி இறங்க வேண்டும். வாடகை வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம் என்பேன்.

---

நூல்கண்டு

எங்கள் வீட்டுக்கு வருகிற உறவினர் ஒருவர் மடிப்புக் கட்டில் வைத்திருக்கிறார். மடிந்து நான் பார்த்ததே இல்லை. தினமும் ராத்திரி இறக்கி, காலையில் போர்வை தலையணை எல்லாம் எடுத்து வைத்து, பட்டை கட்டித் தூக்கி மூட வேண்டும் என்றால் முதல் மாதம் செய்வார்கள். விருந்தினர் அறைக்கு அது அருமை. தினசரித் தூக்கத்துக்குச் சோம்பேறிகளுக்கு ஆகாது, நானும் அந்த ஜாதிதான்.

---

அரைச்சுவர்

எல்லோருக்கும் நன்றி. செய்தித்தாள் விரித்துப் பார்த்தேன். டிராயர் கட்டில் அப்போதே போய்விட்டது, இழுக்க வழியே இல்லை. அடுக்குக் கட்டில் பற்றி வீட்டில் பெரிய கனவு இருந்தது, விசிறிக் கணக்கைக் காட்டியதும் மனைவியே வேண்டாம் என்றுவிட்டார். மகள்தான் இன்னும் சம்மதிக்கவில்லை. சுவரில் துளை போட முடியாது, அதனால் மடியும் கட்டிலும் இல்லை.

54 அங்குல கட்டிலுக்கு இறங்கிவிட்டு, மகளுக்கு ஒரு தனிச் சிங்கிள் போட்டால்?

---

கணக்கன்

54ஐ இரண்டால் வகுத்தால் ஆளுக்கு 27 அங்குலம். அமெரிக்க அளவுத் தொட்டில் மெத்தையின் அகலமே 27 அங்குலத்துக்குச் சற்று மேல். வளர்ந்த ஆள் ஒருவருக்குக் கைக்குழந்தையின் அகலம் போதுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். ஆறு அங்குலம் மிச்சமாவதால் அறையில் ஒன்றும் மாறாது. சிங்கிளுக்கு மூன்றடிக்கு ஆறேகால் அடி எங்கிருந்து வரும்?

கட்டிலைச் சின்னதாக்குவதைவிடத் திருப்பிப் போடுவது பலன் தரும். இப்போது 108 அங்குல அகலத்தில் 64 அங்குலக் கட்டிலை நடுவில் போட்டிருக்கிறீர்கள். மீதி 44, பக்கத்துக்கு 22. உருப்படியாக நடக்க முடியாத இரண்டு சந்துகள். கால்மாட்டில் 120இல் 82 போக 38, அதில் பீரோவுக்கு 20, மீதி 18. மூன்றாவது சந்து. வயது வந்தவர் நேராக நடக்க 24 அங்குலமாவது வேண்டும், 30 என்றால் நிம்மதி.

கட்டிலின் தலையை வலது பக்கச் சுவருக்குத் திருப்புங்கள். நீளப் பக்கம் ஜன்னல் சுவரை ஒட்டட்டும். இப்போது கால்மாட்டில் 108இல் 82 போக 26 அங்குலம். கட்டிலுக்கும் கதவுச் சுவருக்கும் நடுவில் 120இல் 64 போக 56. பீரோவும் மேசையும் கதவுச் சுவரிலேயே நிற்கலாம். கதவுக்கு 34 விட்டால் மீதி 74, இரண்டும் சேர்ந்து 72. அவற்றின் முன்னால் 36 அங்குலம் ஒரே துண்டாகத் தரை கிடைக்கும். புதிதாக ஒன்றும் வாங்காமலே.

---

வாடகைவாசி

அட, இது நல்ல யோசனை. ஆனால் ஜன்னல் பக்கம் படுப்பவர் ராத்திரி எழுந்தால் இன்னொருவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்.

---

மரத்தூள்

கால்மாட்டு வழியாக இறங்கலாம், 26 அங்குலம் இருக்கிறதே. அதற்குக் கால்பலகை இல்லாத கட்டிலாக இருக்க வேண்டும். எழும் பழக்கம் அதிகம் இருப்பவர் வெளிப்பக்கம் படுத்தால் பாதிப் பிரச்சினை இல்லை.

அந்த 36 அங்குலத் தரையைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது இழுப்புக் கட்டில். டிரண்டில் என்று சொல்வார்கள். பெரிய கட்டிலுக்கு அடியில் சக்கரம் வைத்த தாழ்வான கட்டில் ஒன்று ஒளிந்திருக்கும். ராத்திரி இழுத்தால் மகளுக்குத் தனிப் படுக்கை. காலையில் உள்ளே தள்ளினால் தரை உங்களுக்கு.

---

வாடகைவாசி

அப்போது ஹைட்ராலிக் பெட்டி?

---

மரத்தூள்

இரண்டும் கிடைக்காது. கட்டிலுக்கு அடியில் இருக்கும் இடத்தை ஒரு முறைதான் செலவு செய்ய முடியும். முழுதும் பெட்டியாக்கினால் 700 லிட்டர் கொள்ளளவு வரும், தாராளம். முழுதும் இழுப்புக் கட்டிலுக்குக் கொடுத்தால் சாமான் வெளியே வரும். கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே கட்டிலில் காட்டினால் கட்டில் இரண்டரை அடி உயரத்தில் நிற்கும், ஏறிப் படுக்க முக்காலி வேண்டும்.

ஆனால் பாதிப் பாதி பிரிக்கலாம். குழந்தைக்கு 30 அங்குல மெத்தை தாராளம், 72 அங்குல நீளம் என்றால் வளர்ந்த பிறகும் ஓடும். கட்டிலுக்கு அடியில் முன்பக்கம் 32 அங்குலத்தை இழுப்புக் கட்டிலுக்கு விட்டு, நடுவில் நீளவாக்கில் ஒரு தடுப்புப் பலகை. பின்பக்கம், ஜன்னலோரம், 27 அங்குல அகலத்தில் பெட்டி. அதிலேயே 400 லிட்டர் அளவுக்குப் பிடிக்கும். நடுப்பலகை கட்டிலின் மத்தியைத் தாங்கிவிடும், குயின் கட்டிலுக்கு எப்படியும் நடுவில் ஒரு தாங்கல் வேண்டும்.

பெட்டியைத் திறப்பது எப்படி என்பதுதான் கேள்வி. மேலே மூடி வைத்தால் மெத்தையைப் பாதி சுருட்டித் தூக்க வேண்டும். ஃபோம் மெத்தை என்றால் மடியும், ஸ்பிரிங் மெத்தை மடியாது. அதனால் கால்மாட்டில், அந்த 26 அங்குல வழியில், சின்னக் கதவு ஒன்று வையுங்கள். சூட்கேஸ் மாதிரி இழுத்து எடுக்கும் சாமான் அந்த வழியாக. வருடத்துக்கு ஒரு முறை தொடும் கம்பளி, பழைய புத்தகம் எல்லாம் உள்ளே மேல்மூடி வழியாக.

உயரம் சொல்கிறேன். இழுப்புக் கட்டிலின் மெத்தை 5 அங்குலம், பலகை 1, சக்கரம் 2, மேலே விரல் நுழைய 1. ஆக 9. அதற்கு மேல் பக்கச் சட்டம் 5. மொத்தம் 14. மேலே 6 அங்குல மெத்தை போட்டால் 20இல் வந்து நிற்கும், உட்கார்ந்து எழத் தோதான உயரம். முன்பக்கச் சட்டத்துக்குக் கீழே கால் வைக்க முடியாது, ஆறேகால் அடிக்கு மேல் அந்தரத்தில் நிற்கும். ஒன்றரை அங்குலத் தடிமனில் கெட்டியான மரம் வேண்டும், இல்லாவிட்டால் உள்பக்கம் இரும்பு ஆங்கிள் கொடுக்க வேண்டும். இந்த இடத்தில் பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரச்சில்லுகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

---

நூல்கண்டு

கொஞ்சம் பொறுங்கள். ராத்திரி இழுத்த பிறகு கதவு திறக்குமா?

---

கணக்கன்

அதையும் போட்டுப் பார்த்தேன். கட்டிலின் கால், சட்டம் எல்லாம் சேர்த்து இழுப்புக் கட்டில் வலது சுவரிலிருந்து 78 அங்குலம் வரை நீளும். இடது சுவருக்கும் அதற்கும் நடுவில் 30. 32 அங்குலம் வெளியே வந்தால், கதவுச் சுவரிலிருந்து அதன் விளிம்பு 24இல் நிற்கும். கதவின் கீல் இருக்கும் மூலையிலிருந்து இழுப்புக் கட்டிலின் முனைக்கு 30இன் வர்க்கமும் 24இன் வர்க்கமும் கூட்டி மூலம் எடுத்தால் 38 அங்குலம். கதவு 32. ஆறு அங்குலம் விட்டுத் திரும்பிவிடும்.

பீரோ திறக்காது. அதற்கும் இழுப்புக் கட்டிலுக்கும் நடுவில் நான்கு அங்குலம்தான். மேசை நாற்காலியையும் பயன்படுத்த முடியாது.

---

அரைச்சுவர்

பீரோ பரவாயில்லை, காலைக்கு வேண்டியதை மாலையே எடுத்து வைத்துவிடலாம். மேசைதான் யோசிக்கிறேன். சில நாள் ராத்திரி பத்து மணிக்கு மேலும் வேலை இருக்கும்.

---

நூல்கண்டு

குழந்தை தூங்கும் அறையில் விளக்கைப் போட்டு எப்படியும் வேலை செய்ய முடியாதே. அந்த நேரம் வெளியே கூடத்துக்குப் போய்விடுங்கள். மேசையே வேண்டுமா என்றும் யோசியுங்கள், 20 அங்குல ஆழத்துக்குப் பதில் மடிப்பு மேசை ஒன்று போதும் என்பது என் எண்ணம்.

எனக்கு இன்னொரு சந்தேகம். இவ்வளவு மரவேலைக்குப் பதில் மூன்றாக மடியும் மெத்தை ஒன்று வாங்கினால் என்ன? நான்கு அங்குல ஃபோம். பகலில் மடித்து வைத்தால் குழந்தை உட்கார ஒரு மோடா. ராத்திரி அதே 36 அங்குலத் தரையில் விரித்தால் முடிந்தது. வீடு மாறினால் தோளில் போட்டுக்கொண்டு போகலாம். ஹைட்ராலிக் பெட்டியும் முழுசாகக் கிடைக்கும்!

---

வாடகைவாசி

மேடம் என் கட்சிக்கு வந்துவிட்டார்.

---

மரத்தூள்

எனக்கு வேலை போனாலும் சொல்கிறேன், இது நல்ல யோசனைதான். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, ஈரம். உடம்புச் சூடும் வியர்வையும் மெத்தை வழியாக இறங்கும், குளிர்ந்த தரையில் பட்டு அடியில் ஈரமாகத் தங்கும். நாள் முழுதும் விரித்தே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். காலையில் மடித்த கையோடு அப்படியே வைக்காமல், கொஞ்ச நேரம் நிமிர்த்திக் காற்றாட விட்டால் ஒன்றும் ஆகாது. இழுப்புக் கட்டிலுக்கும் இதே விதி, எழுந்த கையோடு உள்ளே தள்ளி மூடக் கூடாது. ஆனால் அதில் அடியில் பட்டைச் சட்டம் இருப்பதால் காற்று கொஞ்சம் போகும். பட்டைகளுக்கு நடுவில் மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி விட வேண்டாம், ஃபோம் தொங்கிவிடும்.

இரண்டாவது, நடை. தரையில் படுக்கும் குழந்தையை இருட்டில் மிதிக்காமல் போக வேண்டும். இழுப்புக் கட்டிலும் தாழ்வுதான், ஆனால் ஒரு விளிம்பு காலில் படும்.

---

மூன்றாம்மாடி

ஹைட்ராலிக் வாங்குவதாக இருந்தால் மெத்தையின் எடையைச் சொல்லி வாங்குங்கள். தூக்கிப் பிடிப்பது இரண்டு கேஸ் ஸ்ட்ரட். உள்ளே அழுத்தி அடைத்த நைட்ரஜன் வாயு. அதன் விசை நியூட்டனில் குறித்திருக்கும், 10 நியூட்டன் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ. மெத்தைக்கு ஏற்ற விசை இல்லையென்றால் பலகை பாதியில் இறங்கி வரும். அதிகமாக இருந்தால் மூடவே மூடாது, மெத்தை இல்லாமல் மூடிப் பார்த்தால் தெரியும். வருடங்கள் போகப் போக வாயு குறையும், அப்போது ஸ்ட்ரட்டை மட்டும் மாற்றினால் போதும். குழந்தை இருக்கும் வீட்டில், பலகை மேலே இருக்கும்போது பெட்டிக்குள் ஏறி விளையாட விடவே கூடாது.

---

பழம்பொருள்

சோபா கம் பெட் பேச்சே அடிபட்டுப் போனது. நல்லதுதான். பெரும்பாலானவற்றில் மெத்தை நான்கு ஐந்து அங்குலம், அதுவும் மடிப்புகளோடு. முதுகின் கீழே ஒரு குறுக்குக் கம்பி தட்டும். தினமும் தூங்குகிறவருக்கு வாங்கித் தருவது அநியாயம்.

---

அரைச்சுவர்

வீட்டில் உட்கார்ந்து பேசினோம். முதல் வேலையாக வார இறுதியில் கட்டிலைத் திருப்பிப் போட்டோம். கணக்கன் சொன்னது அப்படியே வந்தது, மேசைக்கு முன்னால் நாற்காலியை முழுசாக இழுக்க முடிகிறது. பூட்டியே கிடந்த பீரோவின் ஒரு கதவு இப்போது திறக்கிறது, உள்ளே இருந்தவற்றைப் பார்த்தால் பாதி தேவையில்லாதவை.

மூன்று மடிப்பு மெத்தையை உடனே வாங்கி மகளைப் பழக்குகிறோம். தனியாகப் படுப்பாளா என்பதே தெரியாமல் கட்டில் செய்வது சரியில்லை என்று மனைவி சொன்னார், அது நியாயம். பழகிவிட்டால் மரத்தூள் அண்ணன் சொன்ன பாதிப் பாதிக் கட்டிலைச் செய்யலாம் என்று எண்ணம். முழு ஹைட்ராலிக் வேண்டாம் என்று முடிவு. கட்டிலுக்கு அடியில் இருந்த மூட்டைகளைப் பிரித்துப் பார்த்ததில் 400 லிட்டர் எங்களுக்குப் போதும். 700 கொடுத்தால் அதையும் நிரப்பிவிடுவோம்.

ஒரு கேள்வி: வீடு மாறும்போது கழற்ற முடியுமா?

---

மரத்தூள்

செய்கிறவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், பசை வேண்டாம், திருகாணியும் வேண்டாம், மூட்டுகளில் எல்லாம் நட்டும் போல்ட்டும் என்று. திருகாணி ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் பிடியை இழக்கும். உலோக நட்டு மரத்துக்குள் பதிந்திருந்தால் எத்தனை வீடு வேண்டுமானாலும் மாறலாம். பிரித்த துண்டுகளில் மிக நீளமானது பக்கச் சட்டம், ஆறேகால் அடிக்கு மேல் வரும். உங்கள் மாடிப்படித் திருப்பத்தில் அது திரும்புமா என்று ஒரு மூங்கில் கழியை வைத்துப் பார்த்துவிடுங்கள். மூட்டுகளில் ஃபெல்ட் வாஷர் போட்டால் கிரீச் சத்தம் வராது.

---

மூன்றாம்மாடி

இழுப்புக் கட்டிலுக்குச் சுழலும் சக்கரமா, நேர்ச் சக்கரமா?

---

மரத்தூள்

நேர்ச் சக்கரம், ரப்பர் சுற்றியது. சுழலும் சக்கரம் வைத்தால் உள்ளே தள்ளும்போது கோணலாகப் போய்க் காலில் இடிக்கும். உள்ளே நடுப்பலகையில் மோதாமல் இரண்டு கட்டைகளைத் தடுப்பாக அடித்துவிடுங்கள், இழுக்கும் கைப்பிடி வெளியே நீட்டாமல் பலகையில் ஒரு வெட்டாக இருக்கட்டும். முழங்காலில் இடித்துக்கொள்ளும் வேலை இருக்காது.